கேட்காமல் போட்ட டிக்

காலையிலேயே மேனேஜர் பளிச்சென்று சொல்லிவிட்டார். "உன் மச்சினன்தானே அந்த லேப்ல இருக்கான்? போ, பாரு, எழுது, முடி. ரிப்போர்ட்டுல இன்ஸ்டாலர்னு ஒரு வார்த்தை வந்துச்சு, முதல்ல உருளறது உன் தலைதான்."

எங்கள் கம்பெனி மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கும் புரோகிராம்தான் இன்ஸ்டாலர். அதை எழுதியவன் நான். அது செய்த கூத்தை விசாரிக்கப் போகிறவனும் நானே. திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான், போங்கள்.

லேப் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், வெளியே வரவும் கார்டு காட்ட வேண்டும். என்னிடம் கார்டு இல்லை. உள்ளே போனதுமே கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கொண்டேன்.

மச்சினன் எழுந்து நின்றான். என் மனைவியின் தம்பி, எங்களோடுதான் இருக்கிறான். லேப்பில் அவனை எல்லோரும் 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிடுவார்கள். நோட்டில் கோடு போடாமல் ஒரு வரி எழுதமாட்டான். இரண்டு வருடங்களுக்கு முன் அவனே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதி வைத்திருந்தான். ரத்தப் பரிசோதனையில் ஆபத்தான அளவு யாருக்காவது வந்தால், மணிக்கொரு தரம் ஒரு தாளில் பட்டியலாக அச்சாகி வரும். வார்டு முழுக்க அந்தத் தாளை நம்பித்தான் நடந்தது. போன திங்கட்கிழமையிலிருந்து தலைப்பு மட்டும் அச்சாகி, கீழே வெள்ளையாக வந்தது. அவசரம் யாருக்கும் இல்லை போலிருக்கிறது என்று நர்சுகள் நினைத்துக்கொண்டார்கள். சிறுநீரக நோயாளி ஒருவருக்குப் பொட்டாசியம் எகிறியிருந்தது இரண்டு நாள் யார் கண்ணிலும் படவில்லை. பிழைத்துவிட்டார், ஆனால் இன்னும் தீவிர சிகிச்சையில்தான் இருக்கிறார்.

"என்னடா மாத்தினே?" என்றேன்.

"ஒண்ணும் மாத்தலை மாமா. திங்கக்கிழமை உங்க கம்பெனி அப்டேட் வந்துச்சு. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அமுக்கினேன். அது எதுவுமே கேக்கலை."

கேட்காது. கேட்க வேண்டாம் என்று செய்தவன் நான்தான்.

பைத்தானில் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் படித்துச் சொல்ல இன்டர்ப்ரெட்டர் என்று ஒன்று வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒன்று இருந்தது, ஸ்கேலின் புரோகிராம் அதை வைத்துத்தான் ஓடியது. எங்கள் மென்பொருள் தனக்கென்று ஒன்றைக் கையோடு கொண்டுவரும். அதில் தப்பே இல்லை. ஆனால் வந்த விருந்தாளி தன் பாயைத் தன் மூலையில் அல்லவா விரிக்க வேண்டும்? எதை எங்கே தேடுவது என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டியலில், எல்லாவற்றுக்கும் மேலே எங்களுடையதைச் செருகியது என் இன்ஸ்டாலர். அதற்குப் பிறகு யார் பைத்தானைக் கூப்பிட்டாலும் எங்கள் ஆள்தான் ஓடி வருவான். ஸ்கேலின் புரோகிராமுக்கு வேண்டிய துணைக் கோப்புகள் அவனிடம் இல்லை. தலைப்பை அச்சடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டான்.

முன்பெல்லாம் "இந்த அமைப்பை மாற்றலாமா?" என்று ஒரு டிக் பெட்டி வரும். அதைப் போடுவதா வேண்டாமா என்று கேட்டு நாளைக்கு நாற்பது போன். மேனேஜர் எரிச்சலாகி, "எதுக்குய்யா கேக்கறே? நீயே போட்டுடு" என்றார். பத்தே நிமிடத்தில் பெட்டியைத் தூக்கினேன். மீட்டிங்கில் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு மயங்காத கழுதை உண்டா?

இப்போது பட்டியலின் முதல் வரியில் எங்கள் கம்பெனி பெயர் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. இரண்டே நிமிடம், கண்டுபிடித்துவிட்டேன். 

கதவு திறந்து தலைமை டாக்டரம்மா வந்தார். உட்காரவில்லை.

"அஞ்சு மணிக்கு எனக்கு ரிப்போர்ட் வேணும். இவரே எழுதின புரோகிராம் நின்னதாலதான் இப்படி ஆச்சா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ஆமான்னா இவரை வேலையை விட்டு அனுப்பறோம்."

"மேடம், அது வந்து..."

"ஆமாவா, இல்லையா?"

அவர் போன பிறகு, ஸ்கேல் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தான். சர்க்கரை போடாமல். எனக்கு வேண்டாம் என்பது அவனுக்குத் தெரியும். பாவிப்பயல், அந்த நேரத்திலும் அது ஞாபகம் இருந்திருக்கிறது. வீட்டில் அவன் அக்காவுக்கு ஏழாம் மாதம், படுக்கையை விட்டு எழக்கூடாதென்று உத்தரவு. என் வேலை போனால் என்ன ஆகும்? அவன் வேலை போனால் என்ன ஆகும்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கதவைப் பார்த்தேன். கார்டு இல்லாமல் அதுவும் திறக்காது.

எழுதினேன். "தனிநபர் உருவாக்கிய புரோகிராமில், எந்த இன்டர்ப்ரெட்டரைப் பயன்படுத்த வேண்டும் என்று முழு முகவரி குறிப்பிடப்படவில்லை. எனவே அது செயலிழந்தது." ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் அதிலிருந்த அயோக்கியத்தனம்.

நாலே முக்காலுக்கு அனுப்பினேன். ஐந்துக்கு அவனை மேலே கூப்பிட்டார்கள். ஐந்து பத்துக்கு இறங்கி வந்தான். மேஜை டிராயரைக் காலி செய்து, கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். தன் கார்டைக் காட்டி எனக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

"கார்டை மேல ஒப்படைச்சுட்டு நான் பஸ்ல போறேன் மாமா. இதை வண்டியில போய்ப் படிங்க."

வண்டியில் உட்கார்ந்து பிரித்தேன்.

"திங்கள் 9.40: அப்டேட். புதன் 11.15: தேடும் பட்டியலின் முதல் வரி மாறியிருப்பதைப் பார்த்தேன். மாற்றியது இன்ஸ்டாலர்."

அதற்குக் கீழே, கோட்டுக்கு வெளியே:

"மாமா, தாள் வெள்ளையா வந்தப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும். அது என் தப்புதான். மத்ததை நான் யார்கிட்டயும் சொல்லலை. அக்கா இருக்கற நிலைமையில உங்க வேலை போகக் கூடாது. அந்த டிக் பெட்டியை மட்டும் திருப்பிப் போட்டுடுங்க. நூத்தி நாப்பது லேப்ல இது ஓடுது."

படுபாவி! புதன்கிழமையே தெரியும். நாலு நாளாக ஒரே பாத்திரத்திலிருந்து எனக்கும் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். 

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். எடுக்கப் பத்து நிமிடம், திருப்பிப் போடவும் பத்து நிமிடம்தான். எங்கள் இன்டர்ப்ரெட்டரை எங்கள் ஃபோல்டருக்குள்ளேயே அடக்கினேன். பட்டியலைத் தொடும் முன் கேள், டிக் இல்லாவிட்டால் தொடாதே என்று எழுதினேன். அனுப்பப் போனால், "மாற்றத்துக்கான காரணம்" என்று ஒரு கட்டம் வந்து நின்றது. காலியாக விட்டால் ஏற்காது. ஜூனியர் பயல்கள் காரணம் சொல்லாமல் எதையாவது மாற்றுகிறார்கள் என்று சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான். அங்கே எழுதுவது மேனேஜருக்கும் போகும், நூற்று நாற்பது லேப்களுக்கும் போகும்.

"சிறு திருத்தம்" என்று அடித்தேன். அழித்தேன். "பயனர் வேண்டுகோள்" என்று அடித்தேன். அதையும் அழித்தேன்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, தம்பி வந்துட்டான். வேலை போயிடுச்சாம், சிரிச்சுக்கிட்டே சொல்றான். மாமாவைத் திட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். உங்களை நான் எதுக்குங்க திட்டணும்?"

கட்டம் காலியாகவே இருந்தது.

"ஸ்பீக்கர்ல போடு," என்றேன். "அவனும் கேட்கட்டும்."

சொன்னேன். டிக் பெட்டியைத் தூக்கியவன் நான், தாளை வெள்ளையாக்கியது என் இன்ஸ்டாலர், பழியை அவன்மேல் போட்டது என் ரிப்போர்ட். அவளிடம் சொன்ன அதே வார்த்தைகளைக் கட்டத்தில் அடித்து, அனுப்பினேன்.