அப்பா தூக்கி வந்த கடைசித் தட்டு

பசுமலையில் நடக்கும் மாலை நேரத் தையல் வகுப்பில் நாங்கள் தைத்த துணி நாப்கின்களைச் சும்மா கொடுத்தும் வாங்க ஆளில்லை. பாண்டீஸ்வரி அத்தையும் மறுத்துவிட்டாள்.

"பழைய சேலைத்துணி போதும். அந்த நாள்ல அஸ்வினி பள்ளிக்கூடம் போகாம வீட்டுல கெடக்கட்டும்."

அத்தை மகள் அஸ்வினி ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் விடுப்பு என்றாலும் அழுகிறவள்.

அவளுடைய சடங்குக்கு நான் ஒரு திட்டம் போட்டேன். நாப்கின்களைச் செய்தித்தாளில் சுற்ற வேண்டும். சீர் இறக்கும் சந்தடியில் அவளிடம் மட்டும் கொடுக்க வேண்டும். என் திட்டங்கள் பலித்ததில்லை என்பதால் எழுதியும் சரிபார்த்தேன்.

தாய்மாமனான என் அப்பா நல்லகாமனை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. சோழவந்தானில் வேனை விட்டு இறங்கியதும் அவர் சீர்த்தட்டுகளை எண்ணினார். இரட்டைப்படை. அது ஆகாதே! ஒரு தட்டைக் கூட்ட என் பொட்டலத்தைப் பிடுங்கினார்.

"அது வேணாம்ப்பா!"

"சீருன்னா ஊரு பாக்கணும்த்தா. மூடியா கொண்டுபோறது?"

காகிதத்தைக் கிழித்தார். பூப்போட்ட துணிகளைக் கைக்குட்டை என்று நினைத்தாரோ என்னவோ, தட்டில் விசிறிபோல அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு கொட்டுக்காரர்களுடன் நடந்தார்.

மண்டபத்தில் மொக்கைச்சாமி அண்ணன் மைக்கில் சீர்களை அறிவித்தார். "பட்டுச்சேலை! வெள்ளிக்கொலுசு! அடுத்து... என்னத்தா இது?"

மைக் என் கைக்கு வந்தது. பயத்தில் வகுப்பில் மனப்பாடம் செய்தது மட்டுமே வாயில் வந்தது.

"துணி நாப்கின். மாதவிடாய்க்கு. துவைத்து நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு ஒளித்துவைக்கக் கூடாது."

தெருமுனைக் குழாய் ஸ்பீக்கரும் அதையே சொன்னது. கொட்டு நின்றது. அப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கோ ஒரு பெண் சிரித்தாள். சிரிப்பு பந்திவரை ஓடியது.

அத்தை பாய்ந்து வந்தாள். "ஏண்ணே, அதைத் திருப்பிக் கொண்டுபோ!"

அப்பாவுக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் சபையில் வைத்த சீர் திரும்பினால் தாய்மாமனுக்கு அவமானம்.

"வச்சது வச்சதுதான் பாண்டி. வேணாம்னா மத்த தட்டையும் சேர்த்து அனுப்பு."

அத்தை பட்டுச்சேலையைப் பார்த்தாள். கொலுசைப் பார்த்தாள். "எல்லாத்தையும் எடுத்து உள்ள வைங்கடி" என்றாள்.

மணையில் மாலையோடு இருந்த அஸ்வினி கேட்டாள்: "அப்ப மாசம் பூரா பள்ளிக்கூடம் போலாம்ல மாமா?"

"போகாம? பெறகு எதுக்கு இம்புட்டையும் ஊரறியத் தலையில சுமந்தேன்?"

அஸ்வினி மாலை சரியக் குதித்தாள். "கொட்டுங்கண்ணே, கொட்டுங்க!" என்று யாரோ ஸ்பீக்கரில் கத்தினார்கள். மைக் என் கையில்தான் இருந்தது.