கூட ஓடுகிறவன்

ஹேமநாத் இரண்டு கால்களையும் சுவரில் தூக்கிச் சாத்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பட்டுக் கடையின் மாடிக் கூடத்தில், ஜமக்காளத்தின் மேல், இன்னும் நான்கு பேர் அதே கோலத்தில் கிடந்தார்கள். எல்லோருக்கும் இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை, கண்ணின் மேல் மடித்த கைக்குட்டை. முந்தின நாள் காலை கோட்டை மைதானத்தில் அவர்கள் ஓடியது மொத்தம் நான்கு கிலோமீட்டர். அதிலும் ஒன்றரை கிலோமீட்டர் நடை. அந்தக் களைப்புக்கு முக்கால் மணி நேரம் ஓய்வு யோகா. என் அப்பா நாள் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு வந்து இப்படிச் சுவரில் காலைத் தூக்கிச் சாத்தியிருந்தால் ஆண்டை என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு நடுவில் நானும் காலைத் தூக்கிச் சாத்திக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

யோகா சொல்லிக் கொடுத்தவர் ஹேமநாத்தின் தங்கை ஸ்வர்ணலதா. சென்னையில் ஆறு மாதம் கற்றுக்கொண்டு வந்தவர். "மூச்ச விடுங்க. ஒண்ணும் செய்யாதீங்க. செய்யாம இருக்கறதுதான் இந்த யோகாங்க," என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே நடுவில் நடப்பார். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இந்தக் கூட்டத்துக்குப் பயிற்சி வேறு தேவைப்பட்டது.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஆரணி தபால் ஆபீசில் போஸ்ட்மேன். படவேட்டில், ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏழு கிலோமீட்டர். பஸ் எப்போதாவது வரும். வந்தாலும் எங்களுக்காக நிற்காது. நானும் என் கூட்டாளி ராமதாஸும் புத்தகப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடித்தான் போனோம். அந்தப் பழக்கம் எனக்கு விடவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆரணியில் ரூம் எடுத்த பிறகும் விடியலில் மைதானத்தை இருபது சுற்றுச் சுற்றுவேன். 2009-ஆம் வருஷம் ஆடி மாசம் ஒருநாள் ஹேமநாத் என்னை நிறுத்தினார். நாற்பத்தாறு வயது, சர்க்கரை, முன்னால் தள்ளிய வயிறு. யாரோ சொந்தக்காரர் சென்னையில் அரை மாரத்தான் ஓடிவிட்டாராம், இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"தம்பி, நீங்க போஸ்ட்மேன்தானே? இன்னா ஸ்பீடுப்பா! எங்க கூட ஓடுங்களேன். டிசம்பர்ல இருபத்தோரு கிலோமீட்டர் போட்டி. உங்க என்ட்ரி பீஸ் என்னுது. ஷூவும் நான் வாங்கித் தர்றேன்."

ஒரு வாரத்தில் ஆறு பேர் சேர்ந்து கிளப் ஆகிவிட்டது. கடை பேர் போட்ட மஞ்சள் பனியன் வந்தது. மைதானத்தில் என்னை 'இளவரசன் சார்' என்றார்கள். அதே ஆட்கள், நான் கடைவாசலில் ரிஜிஸ்டர் தபாலோடு சைக்கிளை நிறுத்தினால், உள்ளே பார்த்து "போஸ்ட்டு வந்துகீது பாரு" என்றார்கள். ஓடும்போது பேசுவார்கள், பேசும்போது நிற்பார்கள், நின்றால் காபி. ஓடி முடித்ததும் பொங்கலும் வடையும் தின்றுவிட்டு, "கலோரி எரிஞ்சிடுச்சி" என்று வயிற்றைத் தட்டிக்கொள்வார்கள். தனசேகரன் என்று ஒருவர், விசைத்தறி வைத்திருப்பவர், ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று செருப்புக் கடைக்காரன் மாதிரி தன் ஷூவையே பார்ப்பார். கூட வந்த வீரபாகு, எதிரில் பெண்கள் நடந்து வந்தால் மட்டும் ஓடுவார். இவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஷூ பிடித்திருந்தது. முதல்முதலாக அதைப் போட்டுக்கொண்டு ஓடியபோது தரை எனக்கு உதவி செய்வது போலிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

செவ்வாய், வியாழன், சனி மைதானம். புதன் சாயங்காலம் யோகா. ஞாயிறு காலை சேத்துப்பட்டு ரோட்டில் நீள ஓட்டம். அந்த ஞாயிறுதான் சிக்கல். அதற்கு முன் என் ஞாயிறுகள் எல்லாம் ராமதாஸுடையவை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி மெக்கானிக் ஆனவன். ஆரணி பைபாஸ் ஓரம் ஷெட், பின்னாலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டை மூடிவிட்டு, ஏதாவது ஒரு கிணற்றில் குளித்து, அவன் மனைவி கண்ணகி சமைத்த கறிக்குழம்பைத் தின்று, தகரக் கூரைக்குக் கீழே படுத்துப் பேசிக்கொண்டிருப்போம். பேச்சில் விஷயமே இருக்காது. அவனுடைய மகள் கலையரசி, மூன்று வயது, எங்கள் வயிற்றின் மேல் ஏறி நடப்பாள். ஓட்டம் ஆரம்பித்த பிறகு பத்து மணிக்கு மேல் போய்ச் சேர்வேன், சாப்பிட்டதும் தூங்கிவிடுவேன்.

"இன்னாடா, லாட்ஜுக்கு வர்ற மாதிரி வந்துட்டுப் போற," என்றான் ஒருநாள். "அவனுங்களுக்கு நீ இன்னா, குதிரையா, வண்டிமாடா?"

"ஓடறது எனக்காகத்தான்டா."

"மைதானத்துல பாத்தேன். நீ ஓடல. அந்தாளு பக்கத்துல கை புடிச்ச மாதிரி நடந்துகினு இருந்த."

ராமதாஸ் என்னை விட வேகமாக ஓடுவான். பள்ளிக்கூட வாசலை அவன்தான் எப்போதும் முதலில் தொடுவான். அதனால் அவன் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அதனாலேயே பொறாமையில் பேசுகிறான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

யோகாவில் ஒரு தலையணை விஷயம் இருந்தது. கூடத்து மூலையில் தலையணைகளைக் குவித்து வைத்திருப்பார்கள். ஆளாளுக்குக் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் ஸ்வர்ணலதா எடுத்துக் கொடுப்பார். பச்சை உறை போட்டது. மூன்றாவது வாரம்தான் கவனித்தேன், அது குவியலில் இல்லை, ஜன்னலுக்கு மேல் தனியாக இருக்கிறது. நான் போய்க் குவியலில் கை வைத்தேன். "உங்க உயரத்துக்கு இதாங்க சரி," என்று சிரித்துக்கொண்டே பச்சையை நீட்டினார். அந்தச் சிரிப்பில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கூடத்தில் என்னைவிட நான்கு விரல் உயரமான வீரபாகு படுத்திருந்தார். நான் பச்சைத் தலையணையை வாங்கிக்கொண்டேன். அன்று கால்களைச் சுவரில் சாத்திக் கண்ணை மூடியபோது, என்னைக் கேட்காமல் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துக்கமா, அசதியா, தெரியவில்லை. பதினேழு வயதிலிருந்து வேலை நாளில் இருட்டுவதற்கு முன் நான் சும்மா படுத்ததே இல்லை. உடம்பு அந்தத் தலையணையை விரும்பியது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த ஐந்து பேரை வெறுத்ததை விட, அவர்கள் கூரைக்குக் கீழே இளைப்பாறிய என் முதுகை அதிகம் வெறுத்தேன். ஆனாலும் அடுத்த புதன் போனேன்.

நவம்பர் கடைசியில் ராமதாஸ் தேதி சொன்னான். படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலில் கலையரசிக்கு மொட்டை, காதுகுத்து. கண்ணகிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. குழந்தை பிறந்த அன்றே, "அண்ணா, நீங்கதான் தாய்மாமன்," என்று சொல்லியிருந்தாள். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவன் சொன்ன ஞாயிறும் போட்டி நடக்கும் ஞாயிறும் ஒன்று.

"ஒரு வாரம் தள்ளி வையேன்டா," என்றேன்.

அவன் ஒரு பைக்கின் செயினைப் பூட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "ஆடு சொல்லியாச்சி. வேன் சொல்லியாச்சி. மாமியார் ஊர்லேர்ந்து ஜனம் வருது."

"நாலு மாசமா பிராக்டீஸ் பண்ணிகினு இருக்கேன்."

"எதுக்கு? ஜெயிக்கப் போறியா?"

என்னிடம் பதில் இருந்தது. ஹேமநாத் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "நீங்க ஓடி ஜெயிக்கறது அப்பறம். இந்த வாட்டி எங்கூடவே வாங்க. நான் முடிக்கணும். அதாங்க முக்கியம்." இதை ராமதாஸிடம் சொல்ல வாய் வரவில்லை.

கண்ணகி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வரலன்னா பரவால்லண்ணா," என்றாள். அவள் அப்படிச் சொன்ன விதத்தில், இனி என்னை அண்ணன் என்று கூப்பிட அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரிந்தது. நான் சைக்கிளை எடுத்தேன். யாரும் இரு என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை வேனில் சென்னைக்குப் போனோம். வழியெல்லாம் வாழைப்பழமும் பாட்டும். வீரபாகு, ஓட்டத்துக்கு முந்தின நாள் நிறையச் சாப்பிட வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி மூன்று பரோட்டா தின்றார். மறுநாள் இருட்டுப் பிரியும் முன்பே கடற்கரை ரோட்டில் ஆயிரக்கணக்கான பேர். அத்தனை கால்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. காற்றில் உப்பும் தைல வாசனையும். துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள். கிழவர்கள் போனார்கள். அரை டிராயர் போட்ட பெண்கள் போனார்கள். நான் ஹேமநாத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் விளக்குத் தூக்குகிறவன் மாதிரி குதித்துக் குதித்து நடந்துகொண்டிருந்தேன்.

எட்டாவது கிலோமீட்டரில் அவர் மூச்சு வாங்கினார். பத்தாவதில் உட்கார்ந்தார். தூக்கிவிட்டேன். பன்னிரண்டாவதில் மறுபடி நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம், முழு மாரத்தான் ஓடுகிறவர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். சத்தமே இல்லாமல், தோள் ஆடாமல், மெலிந்த ஆட்கள். அதில் ஒருவன் வெறுங்காலோடு போனான். மணி பார்த்தேன். இந்நேரம் படவேட்டில் குழந்தையின் தலையை நனைத்திருப்பார்கள். அவளை எந்த மடியில் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். இந்த ஆளின் தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க அந்த மடியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது, அதுவரை எனக்குத் தெரியாத விஷயம் போல, அப்போதுதான் உறைத்தது.

பாட்டிலை அவர் கையில் வைத்தேன். "நீங்க வாங்க," என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தேன்.

"இளவரசன்! தம்பி!" என்று கூப்பிட்டார். பிறகு, "டேய்! இர்றா! எங்கடா போற?" என்றார்.

அந்த 'டேய்' எனக்கு வேண்டியிருந்தது. நான்கு மாதமாக அதற்காகத்தான் காத்திருந்தேன் போல. அதை வைத்துக்கொண்டு மீதி ஒன்பது கிலோமீட்டரையும் ஓடினேன். என்னைக் கடந்து போன கிழவர்களைக் கடந்தேன், பெண்களைக் கடந்தேன், பரோட்டாவோடு ரோட்டோரம் குனிந்து நின்ற வீரபாகுவைக் கடந்தேன். தொடை எரிந்தது. யாருக்கும் நான் யார் என்று தெரியவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. ஓடி முடித்ததும் ஒரு கல்லூரிப் பெண் கழுத்தில் மெடல் மாட்டி வாழைப்பழம் கொடுத்தாள். பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, ஹேமநாத் வந்து என்ன சொல்வார், நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக அடுக்கிக்கொண்டேன். தலையணையைக் கேட்பேன். போஸ்ட்டு என்பதைக் கேட்பேன். ஷூவைக் கழற்றி அவர் முன்னால் வைப்பேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து அவர் வந்தார். முகம் வெள்ளையாகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆனால் ஓடி வந்தார். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் என்னைப் பார்த்துவிட்டார். நேராக வந்து கட்டிப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். அவருடைய வியர்வை என் முகமெல்லாம் ஒட்டியது.

"நீங்க விட்டுட்டுப் போனீங்க பாருங்க, அதுலதான் எனக்கு ரோஷம் வந்துது. இல்லன்னா அங்கியே ஆட்டோ புடிச்சிருப்பேன். வேணும்னுதானே செஞ்சீங்க? எனக்குத் தெரியும். நீங்கதாங்க என் குரு!"

கழற்றி வைக்க நினைத்த ஷூ காலிலேயே இருந்தது. நான் துரோகம் செய்தேன் என்று கூட அந்த மனுஷனுக்குப் புரியவில்லை. அவர் வீட்டுப் பந்திக்கு நான் பரிமாறியதாகவே எடுத்துக்கொண்டார். போட்டோவில் என்னை நடுவில் நிறுத்தினார்கள். நானும் நின்றேன். சிரி என்றார்கள், சிரித்தேன். வேனில் ஊர் வரும்வரை அந்தக் கதையை அவர் நான்கு முறை சொன்னார். நான்காவது முறை நானே தலையாட்டி, "ஆமாங்க, வேணும்னுதான்," என்றேன்.

மறுநாள் மதியம் தபாலெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு ராமதாஸ் ஷெட்டுக்குப் போனேன். சைக்கிளைச் சாத்தும்போது தொடை இழுத்துப் பிடித்தது. அவன் ஒரு டிவிஎஸ் வண்டியைப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். காலண்டரைப் பார்ப்பது போல என்னை ஒருமுறை பார்த்தான்.

"நல்லா நடந்துச்சா?" என்றேன்.

"ம்."

"யார் மடியில..."

"கோயில் வாசல்ல பூ விக்கிறாரு ஒருத்தரு. சின்னப்பையன்னு பேராம். சும்மா உக்காந்துகினு இருந்தாரு. கேட்டோம், வந்தாரு." ஸ்பேனரைத் துணியில் துடைத்தான். "ஜல்தியா முடிஞ்சிடுச்சி. கொழந்த அவுரு சட்டையப் புடிச்சிகினு விடல." அப்புறம் கேட்டான். "எத்தினி மணி நேரம்?"

"ரெண்டே முக்கா மணி நேரம்."

"நான் நொண்டிகினு ஓடியிருந்தா கூட ஒன்றரைல முடிச்சிருப்பேன்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பழைய வண்டியைப் பார்த்து இது தேறாது என்று சொல்வானே, அந்தக் குரல். பிறகு நட்டு போட்டு வைத்திருந்த டப்பாவை இழுத்து அதற்குள் எதையோ தேட ஆரம்பித்தான்.

ஷெட்டின் உள்மூலையில், கோணியின் மேல் கலையரசி தூங்கிக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. காது மடல் சிவந்து வீங்கி, கம்மலைச் சுற்றி ஒரு பொட்டு ரத்தம் கறுத்துப் போயிருந்தது. அதில் ஈ உட்கார்ந்தது. அவள் தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்தாள். நான் போய்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கீழே கிடந்த ஒரு டியூப் டப்பாவின் அட்டையைக் கிழித்து மெல்ல வீசினேன். ஈ எழுந்து சுற்றிவிட்டு மறுபடி வந்தது. வீசினேன். ராமதாஸ் திரும்பிப் பார்த்தான். போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கம்ப்ரசரைப் போட்டான். அந்தச் சத்தத்துக்குக் குழந்தை விழிக்கவில்லை. சந்தனத்தில் ஒரு சில்லு பெயர்ந்து கோணியில் விழுந்தது. நான் அட்டையை வீசிக்கொண்டே இருந்தேன்.