பதினோரு வருஷமாகப் புது ஆள்

கும்மிடிப்பூண்டிக் கம்பி ஆலையில் எட்வர்டுக்குப் பதினோரு வருஷ உழைப்பு. வருஷா வருஷம் அவனைக் கணக்குக்கு ஒரு நாள் நிறுத்தி, மறுநாளே புது ஆளாகச் சேர்த்துக்கொள்வது கான்ட்ராக்டர் வழக்கம். ஆலை மூன்று ஷெட்டாக வளர்ந்தது. இவனுக்கு வயசுதான் வளர்ந்தது. நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் மனுவோடு மேனேஜர் முன்னால் போய் நின்றான்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாப்பா, சேர்ந்தே நாலு மாசம்தான் ஆவுது. அஞ்சு வருஷ அனுபவம் கேக்குறாங்க."

அந்த நேரம் பார்த்துப் பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று உருளைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ள, மில் நின்றுபோனது. சூப்பர்வைசர் குணா மூச்சிரைக்க ஓடி வந்தான். "அண்ணே, சீக்கிரம் வாண்ணே! உன்னை உட்டா யாருக்கும் எடுக்கத் தெரியாது."

எட்வர்ட் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"நான் நாலு மாசக் கொழந்தப்பா. சாரைக் கூட்டிக்கினு போ, அவருதான் பர்மனெண்ட்டு."