ஆலிஸின் இரண்டு படங்கள்

1

2025 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. வெயில் கடுமை; காற்று இல்லை; எண்ணூர்ப் பக்கம் வானம் மங்கல்.

இக்கதை பிறந்த காரணத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கணினி ஒரு குறுந்தகட்டைப் படித்து முடிக்க மறுக்கிறது. காத்திருக்கும் என் கை சும்மா இருக்க மறுக்கிறது.

தொடக்கம், முதல் வரைவு: "என் நண்பரின் மனைவிக்கு மூளையில்..."

(பொய். கைவிடுகிறேன். அவள் என் மனைவி ஆலிஸ். மூளையில் கடலையளவு கட்டி. சென்ற ஆண்டுப் படத்தோடு இவ்வாண்டுப் படத்தை ஒப்பிட்டு, வளர்ந்திருந்தால் அறுவை, இல்லையேல் மாத்திரை என்றார் மருத்துவர். இன்று பதினொரு மணிக்கு அவரைக் காணவேண்டும். அவருடைய கணினியில் குறுந்தகடு போட வழியில்லை. "ரெண்டையும் நானே என் லேப்டாப்ல தொறந்து கொண்டாறேன் டாக்டர்" என்று மார்தட்டியவன் நான்.)

2

மூளைப் படங்களைக் காட்டும் அம்மென்பொருளுக்குச் சொடுக்கித் திறக்கும் பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டச்சிட்டு, படங்கள் உள்ள கோப்புறையின் முகவரியையும் பிழையின்றித் தருதல் வேண்டும். அறுபத்திரண்டாம் வயதில் கணினி வகுப்பில் முதலாவதாகத் தேறிய நான் இன்று விடிந்ததும் தந்தேன். அப்படியொரு கோப்புறை இல்லை என்றது. மீண்டும் தந்தேன். இல்லவே இல்லை என்றது. (இவ்விடத்தில் நான் உரைத்த சொற்கள் உரைநடைக்கு ஆகா.)

"இன்னா வாத்தியாரே, மிஷின்கூட மல்லுக்கட்டிக்கினு கீற?" என்று ஆலிஸ் வந்தாள்.

"வாயக் கெளறாத, சொல்லிட்டேன்."

"என் மண்டையத்தான தேடற? இங்கதான் கீது, பாத்துக்கோ."

ஏழாம் முறை திறந்தது. இரு சாளரங்கள், இரு மூளைகள். இரண்டிலும் அதே கடலை, இம்மியும் மாறாமல்.

"வளரலடி ஆலிஸ்!"

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அதன் பின்னரே படத்தின் மூலையிலிருந்த தேதியைக் கண்டேன். இரண்டிலும் இவ்வாண்டு.

3

விளக்கக் கடமைப்பட்டுள்ளேன். துறைமுகத்தில் முப்பத்தோராண்டுகள் சரக்கு எண்ணும் எழுத்தராக இருந்தேன். ஒருவருடைய சரக்கை ஒரே கொட்டகையில் இறக்குவதே அங்கு முறை. அவ்வாறே ஆலிஸின் ஈராண்டுப் படங்களையும் ஒரே கோப்புறையில் இறக்கினேன். மென்பொருள் ஆண்டு பிரித்துக்கொள்ளும் என்று நம்பினேன். இரு தொகுதிக்கும் கோப்புப் பெயர்கள் ஒன்றே. பழையதை அழித்து எழுதட்டுமா என்று கணினி கேட்டது. ஆம் என்றேன்! இரு சாளரங்களிலும் திறந்தது இவ்வாண்டுப் படமே.

பழைய குறுந்தகடு? அதுதான் நகலெடுத்தாயிற்றே என்று, மாடியில் காயும் கருவாட்டைக் காக்கை அண்டாதிருக்க நானே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அவிழ்த்து, துடைத்து, உள்ளே போட்டிருக்கிறேன். 176 கோப்புகளில் 112 வந்துள்ளன. அங்கேயே நிற்கிறது. இயந்திரம் இருமுகிறது.

4

முடிவு அ: பழைய படம் திறக்கிறது. கட்டி வளரவில்லை. ஆலிஸ்...

"அத்த அடி" என்றாள், தோளுக்குப் பின்னால் நின்று படித்த ஆலிஸ். "காலைலயே ஒரு தபா அந்தக் கதைய வுட்டு அழ வெச்ச."

கோடு போட்டு அடித்தேன்.

முடிவு ஆ: பழைய படம் திறக்கிறது. கட்டி

(கை வரவில்லை.)

113. 140. 176. வந்துவிட்டது.

இம்முறை இரண்டு கோப்புறைகள், இரண்டு முகவரிகள். கட்டளையை இருமுறை சரிபார்த்தேன். மூன்றாம் முறையும் சரிபார்த்தேன். உள்ளிடு விசை ஒன்றே மீதம். அதை வாசகராகிய உங்களிடம் ஒப்படைத்துக் கதையை நிறைவு செய்வதே என் திட்டம்.

"தள்ளு வாத்தியாரே. ஊர்ல கீறவன்லாம் எதுக்கு? என் தலை, நான் மொதல்ல பாக்கறேன்."

நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் அமர்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். திரையை என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டாள்.

அழுத்திவிட்டாள். காலை மணி 10.17.