ஜம்புகுமார் குடலில் மூன்று புள்ளிகள்

எங்கள் ஊர்க் கோயில் ராஜகோபுரத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடக் கலப்படமில்லை.

1983 மாசியில் ஜம்புகுமாருக்கு மலத்தோடு ரத்தம் போனது. அண்ணன் மல்லிநாதனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. குடலில் கட்டி என்று தெரிவதற்குள் முற்றிப்போய், ஆறே மாதத்தில் ஆள் இல்லை. பயந்துபோன ஜம்புகுமார் வேலூர் ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக்கொண்டு வந்தார். வெள்ளை மருந்தைப் பின்வழியாகக் குடலுக்குள் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்களாம். முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கெண்ணெய் குடித்துக் குடலைக் காலி செய்ய வேண்டும்.

அங்கேதான் சிக்கல். பொழுது சாய்ந்தால் அவர் வாயில் தண்ணீர்கூடப் படாது. ஜைனர் வீட்டு வழக்கம். ஆகவே மறுநாள் சூரியனைப் பார்த்த பிறகே எண்ணெயைக் குடித்தார். குடித்த கையோடு பஸ் ஏறினார்.

வேலூர் போய்ச் சேர்வதற்குள் அவருக்காகப் பஸ் பதினேழு இடத்தில் நின்றது. அந்தப் பதினேழும்தான் இன்றைக்கு ஸ்டாப்பிங். கண்ணமங்கலத்துப் பக்கம் அவர் இறங்கி ஓடிய தரிசில் மறு வருஷம் கரும்பு தென்னை உயரம் வளர்ந்தது.

படத்தில் மூன்று புள்ளிகள். ஜம்புகுமார் அவற்றை விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினார்.

“ராத்திரி எண்ணெய் குடிச்சீங்களா?” என்றார் டாக்டர் கஸ்தூரி.

“காலையில குடிச்சேம்மா. இருட்டுனா நாங்க எதுவும் தொடமாட்டோம்.”

“அதான் குடல் சுத்தமாகல. இதுல எது கட்டி, எது நேத்து சாப்பாடுன்னு நான் எப்படிச் சொல்றது? அடுத்த வாரம் வாங்க. சாயங்காலம்தான் மிஷின் காலி. இருட்டிடும், பரவால்லையா?”

ஜம்புகுமார் யோசித்தார். “வழக்கம் வாய்க்கு மட்டும்தாம்மா.”

அந்த வாரம் முழுக்க ரசத்தில் கடுகு மிதந்தாலும் எண்ணிப் பார்த்தார். மனைவி ராஜமதிக்குப் பொறுக்கவில்லை.

“ஒம்போது மணின்னா ஒம்போதேவா? அஞ்சு மணிக்குக் குடிச்சா எண்ணெ கோவிச்சுக்குமா?”

அதுவரை அது அவருக்குத் தோன்றவே இல்லை. இந்தத் தடவை ஐந்து மணிக்கே குடித்தார்.

இரண்டாம் படத்தில் இரண்டு புள்ளிகளைக் காணோம். மூன்றாவது, பாசிப்பயறு அளவில், இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தது. குழாய் விட்டு, கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்தார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது.

“இன்னும் கெட்டதா மாறல. விட்டிருந்தா மாறியிருக்கலாம். நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க” என்றார் டாக்டர்.

ராஜமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு பயறுக்கு இத்தினி அலைச்சல்! வாங்க, இருட்டறதுக்குள்ள சாப்பிடுங்க.”

அவர் ஒன்பதாவது இட்லியை முடிக்கும்வரை சூரியன் வேலூர்க் கோட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒன்றே ஒன்று: ஜம்புகுமார் வேலூருக்கு அத்தனை தடவையும் பஸ்ஸில் அல்ல, ரயிலில்தான் போனார்.