தீவன மில் மோட்டாருக்கு விழுந்த கண்

சேந்தமங்கலம் ரோட்டில் காளியண்ணன் கோழித் தீவன மில் நடத்துகிறார். மக்காச்சோளம் அரைக்கும் அவருடைய இண்டக்‌ஷன் மோட்டாரின் மேல் எங்கள் கம்பெனி சென்சாரை ஒட்டியவள் நான். மோட்டார் எவ்வளவு அதிர்கிறது, எவ்வளவு சுடுகிறது என்று அது என் போனுக்குச் சொல்லும். கொஞ்ச நாள் சும்மா ஓட்டிப் பார்ப்பார், பிடித்தால் வாங்குவார். இவரும் வாங்காவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஒட்டிய மறுநாளே அலாரம். அதற்கடுத்த நாள் இன்னும் பெரிய அலாரம். பதறியடித்துக்கொண்டு போனால், மில்லில் ஆளாளுக்குத் தும்மிக்கொண்டிருந்தார்கள். தீவனத் தூசி என்று நினைத்தேன்.

"ஏனுங்க நர்மதா அம்மிணி, தேமேன்னு ஓடிட்டிருந்த மோட்டாருங்க. உங்க டப்பாவ ஒட்டுனதுல இருந்துதான் இந்த ஆட்டம் ஆடுது. கழட்டிட்டுப் போயிருங்க," என்றார் காளியண்ணன்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. போனைக் காட்டினேன். "பேரிங் நல்லா இருக்குதுங்கண்ணா. சுத்துக்கு ஒருக்கா உலுக்குது பாருங்க. சுத்துற எதுலயோ ஒரு பக்கம் கனம் ஏறியிருக்குது."

"கனமெல்லாம் இல்லீங்க, திருஷ்டி. நீங்க ஒட்டுன அன்னிக்கு ஊரே வந்து பாத்துச்சு. அன்னிக்கே எலுமிச்சம்பழம், மொளகா, கரி கோத்துக் கட்டிட்டேன். காத்தால பாத்தா காணோம்! தெனமும் கட்டறேன், தெனமும் மாயமாப் போவுது. அத்தன பொல்லாத கண்ணு!"

"எங்கீங்கண்ணா கட்டுனீங்க?"

மோட்டாரின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கேதான் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி இருக்கிறது. அதன் மூடியில் வலை பிய்ந்து கிடந்தது. கரண்டை நிறுத்தச் சொல்லி மூடியைக் கழற்றினேன். விசிறியின் ஒரு பக்கம் மட்டும் நூலும் மிளகாயும் எலுமிச்சைத் தோலும் அடையாக அப்பியிருந்தன. கட்டியதையெல்லாம் உள்ளே இழுத்து அரைத்து, காரத்தை மில் முழுக்க ஊதியிருக்கிறது. நானும் நன்றாகத் தும்மினேன்.

சுரண்டி எடுத்துவிட்டு ஓடவிட்டோம். ஆட்டம் நின்றது, போனில் பச்சை. இப்போதாவது அறிவியலை நம்புவார் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

காளியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மிணி, உங்க டப்பா திருஷ்டி எந்த எடத்துல சேந்திருக்குதுன்னு கரெக்டாக் காட்டிப்போடுச்சே! மத்த மோட்டாருக்கெல்லாம் மாட்டிருங்க. ஊட்டுக்கும் ஒண்ணு குடுங்க. என்ற சம்சாரத்துக்குத் தீராத முதுகு வலி. எந்தப் பக்கம் ஒட்டோணும்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

இது திருஷ்டி பார்க்கும் கருவி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேனேஜர் முகம் நினைவுக்கு வந்தது.

"அக்காவுக்கு வேற மாடலுங்கண்ணா, இன்னும் வரல," என்று சொல்லி, மோட்டார்களுக்கு மட்டும் ஆர்டர் எழுதினேன்.