கீரைக்குப் போட்ட உப்பு

அலினாஃபே கட்டைவிரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. லிம்பானியின் புறங்காலில், பிசைந்து வைத்த மாவில் விரல் பதிந்த இடம் மாதிரி. இரண்டு வயதுப் பிள்ளை அழவில்லை, காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கன்னங்கள் உப்பி, கண்கள் அதற்குள் இடுங்கி, எல்லாவற்றிலும் சலித்துப்போன பெரிய மனிதனைப் போல உட்கார்ந்திருந்தான். முடி செம்பட்டையாகியிருந்தது, தடவினால் கையோடு வந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் கறுத்து, பழைய சுவரின் பூச்சு மாதிரி உரிந்துகொண்டிருந்தது.

"போன வாரம் வரைக்கும் கொழுத்திருக்கான்னுதான்டி எல்லாரும் சொன்னாங்க," என்றாள் அக்கா சியோனே. "பக்கத்து வீட்டுக்காரி என்னத்தப் போட்டு வளக்குறேன்னு கேட்டா. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு."

அலினாஃபேக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவள் அவள் ஒருத்திதான். சோம்பா நகரத்தில் உயிர்வேதியியல் படித்தாள். புரதங்கள் பற்றிய தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். 'நீர்வீக்கம் எப்படி உண்டாகிறது?' என்ற கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி, படமும் வரைந்திருந்தாள். அந்தப் படத்தில் ரத்தக் குழாய் இருந்தது, அம்புக்குறிகள் இருந்தன. பிள்ளை இல்லை.

வெளியே பிப்ரவரி மழை. போன வருடத்து மக்காச்சோளம் தீர்ந்துவிட்டது, வயலில் நிற்பது இன்னும் பால் பிடிக்கவில்லை. வாங்கி வந்த மாவில் களியும், பூசணிக் கீரையும்தான் காலையிலும் சாயங்காலமும். விதைக்கு வைத்திருந்த பயறைக்கூடத் தின்றாயிற்று.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு அக்கா. இப்பவே."

சியோனே எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "மெதுவாப் பேசு. இவன் இப்படி இருக்கிறது வெளிய தெரியாது. ஒரு வாரமா உள்ளதான் வச்சிருக்கேன்."

ஏன் என்று அலினாஃபே கேட்கவில்லை. பால் மறந்த பிள்ளை வீங்கினால் அந்தப் பக்கம் அதற்கு ஒரே பெயர்தான்: ட்செம்போ. தள்ளியிருக்க வேண்டிய காலத்தில் தாயோ தகப்பனோ வேறு படுக்கைக்குப் போய், அந்தச் சூடு பிள்ளையைத் தாக்கிவிட்டது என்று அர்த்தம். சியோனேயின் புருஷன் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறான். அக்டோபரில் வந்தான், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினான், அவள் வயிற்றில் இன்னொன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். இந்தக் காலோடு பிள்ளை தெருவில் போனால் அவன் யோக்கியதையை ஊரே பேசும். அவன் வீட்டார் சும்மா இருப்பார்களா? அவன் இல்லாதபோது இவள் யாரோடு இருந்தாள் என்று திருப்பிக் கேட்பார்கள்.

"இது யார் படுக்கையாலயும் வர்றதில்ல அக்கா." அலினாஃபே அவள் இடுப்பில் துணிக்கடியில் கிடந்த பாசிமணிச் சரத்தைத் தொட்டாள். "இந்த மணி மாதிரின்னு வச்சுக்கோ. இருபது நெறம் இருக்கு. உடம்பு அதை முறை தப்பாம கோக்குது. கோத்து முடிச்சதும் சரம் தானாவே சுருண்டு மடிஞ்சு ஒரு உருவத்துக்கு வருது. அந்த உருவம்தான் வேலை செய்யும். ரத்தத்துல அப்படி ஒண்ணு இருக்கு, தண்ணிய வெளிய கசிய விடாமப் பிடிச்சு வைக்கும். மக்காச்சோளத்துல ரெண்டு நெறம் ரொம்பக் கம்மி. அந்த மணி கைக்கு வரலேன்னா கோக்கிற வேலை பாதியில நின்னுரும். தண்ணி காலுக்கு எறங்கிரும்."

அது மட்டுமே காரணமா என்று பேராசிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

சியோனே கவனமாகக் கேட்டாள். அடுப்பில் ஒரு குச்சியைத் தள்ளினாள்.

"அந்த நெறம் தாய்ப்பால்ல இருக்கா?"

"இருக்கு."

"வயித்துல புள்ள நின்னுருச்சுன்னு பாலை நிறுத்துனது நான். களி கிண்டிப் போட்டதும் நான்." அவள் குரலில் அழுகை இல்லை. "ட்செம்போன்னா பாதித் தப்பாவது அவன் மேல போகும். நீ சொல்ற மணிக் கதையில முழுசும் என் தலையிலதான விழுது?"

யார் மேலும் தப்பில்லை என்று அலினாஃபே சொல்லப்போனாள். மேடையில் பேசுகிறவர்கள் சொல்வது அது. அதுவும் பொய்தான். 

மத்தியானம் பிலியாட்டி மாமா வந்தார். தாய்மாமன். அந்த வீட்டுப் பெண்களின் கல்யாணம், பிணக்கு, பிள்ளை எல்லாம் அவர் வாக்கில்தான் நடக்கும். பையனைப் பார்த்ததுமே தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"மாமா, ஆஸ்பத்திரியில பால் மருந்து இருக்கு. பொழைச்சுருவான். கூட்டிட்டுப் போகணும்," என்றாள் அலினாஃபே.

"போகலாம். யாரு செஞ்சதுன்னு மொதல்ல ஒத்துக்கட்டும். ஒத்துக்காம ஆத்தத் தாண்டினா எந்த மருந்தும் ஒட்டாது."

"இது சாப்பாட்டுக் குறை மாமா! நான் இதத்தான் படிச்சேன்."

"உன் பட்டத்தக் கழுவிக் குடுத்தா வீக்கம் வத்துமா?" என்றார் மாமா. பிறகு குரல் இறங்கியது. "எங்கிட்ட வாயாடாத. என் மூத்தவன இப்படித்தான் யாரும் ஒத்துக்காம தூக்கிட்டு ஓடினேன். பாலத்துக்கிட்டயே கை கனத்துப்போச்சு, பாத்தா உசுரு இல்ல."

அவர் சியோனேயைப் பார்த்தார். "நீயா, அவனா?"

சியோனே பிள்ளையின் காலைத் துணியால் மூடினாள். எந்தப் பதில் சொன்னாலும் கல்யாணம் அத்தோடு போய்விடும், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரும் பணமும் அதில் வாங்கும் மாவும் போய்விடும். பையன் வாயைத் திறந்து மூச்சு விட்டான். அலினாஃபே அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

"நான்தான் மாமா."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப கீரைக்கு உப்புப் போட்டது நான். மொதல் நாள் சோம்பாவுல ஒருத்தன்கூட இருந்துட்டு வந்தேன். சொல்லாம உப்புல கை வச்சிட்டேன். இவனும் அதத்தான தின்னான்."

உப்பு வழியாகவும் அந்தச் சூடு பிள்ளைக்குப் போகும் என்பது நம்பிக்கை. அதனால்தான் அந்த ஊரில் தீட்டு நாளில் பெண்கள் ஏதாவது ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுக் குழம்புக்கு உப்புப் போடச் சொல்வார்கள். பத்து வயதில் அலினாஃபேயே எத்தனையோ சட்டிகளுக்குப் போட்டிருக்கிறாள். இப்போது அவள் சொன்னதில் அவனோடு இருந்தது உண்மை, உப்புப் போட்டதும் உண்மை. நடுவில் கட்டிய முடிச்சு மட்டும்தான் பொய்.

"இதுக்குத்தான் படிக்க வச்சோமா?" என்றார் மாமா. ஆனால் அவர் முகத்தில் கோபத்தை முந்திக்கொண்டு நிம்மதி வந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ட்செம்போவுக்கான வேர்ப்பொடியை எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் தடவி, வாசலுக்குப் போய் அவரே சைக்கிள் டாக்சிக்காரர்களைக் கூவி அழைத்தார். "சியோனே, புள்ளையத் தூக்கு. ஏய், நீ தொடாத!"

நீட்டிய கையை அலினாஃபே மடக்கிக்கொண்டாள்.

இரண்டு சைக்கிள்கள். முன்னதில் சியோனே, முதுகில் துணியால் கட்டிய பிள்ளை, பின்னதில் அலினாஃபே. பாலத்துக்கு முன்னால் சேறு அதிகம். இறங்கி நடக்க வேண்டியிருந்தது.

சியோனே திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "அப்ப அந்த மணிக் கதை?"

"என்ன அக்கா?"

"உன் தப்ப மறைக்கத்தான அவ்வளவும் சொன்ன? களியில கொறை, பால்ல கொறைன்னு. எம்மேல போட்டுட்டுத் தப்பிக்கப் பாத்தியே."

பாலத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சாலை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ளாமல் ஆற்றைத் தாண்டுவதாக ஆகிவிடும், சைக்கிள்கள் திரும்பிவிடும்.

"ஆமா," என்றாள் அலினாஃபே.

"தள்ளியே வா."

அவள் தள்ளியே நடந்தாள். மழை மறுபடி தூறியது. முன்னால் துணிக்கு வெளியே அந்தக் கால் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. இறங்கும்போது சியோனேயின் விரல் அழுத்திய இடம் இன்னும் நிரம்பவில்லை. அந்தச் சின்னக் குழியில் ஒரு துளி விழுந்து, அங்கேயே நின்றது.